மீண்டும் துளிர்த்த மீன்தொட்டி



தூத்துக்குடி மாவட்டத்தின் சிறு கிராமம் ஒன்றில் வளர்ந்தவன் நான். மழை பெய்து குளம் நிரம்பினால், துண்டை விரித்து அயிரையும் கெண்டைக்குஞ்சும் பிடித்துப் பாட்டிலில் விட்டு, விடிய விடியப் பார்த்துக்கொண்டிருப்போம். பிழைப்பைத் தேடி 2001-ல் மும்பைக்கு வந்தேன். செம்பூரில் மூன்றாவது மாடியில் இரண்டு அறைகள் கொண்ட வீடு. அங்கே பிறந்து வளரும் பிள்ளைகளுக்குக் குளம் ஏது? அந்த ஏக்கத்தில்தான் 2019-ல் என் மகளின் ஆறாவது பிறந்தநாளுக்கு இரண்டடி நீளமுள்ள ஒரு கண்ணாடித் தொட்டியை வாங்கிக் கொடுத்தேன். ஏறக்குறைய 60 லிட்டர் தண்ணீர் கொள்ளும்.

வாங்கிக் கொடுத்ததோடு என் கடமை முடிந்தது என்று எண்ணிவிட்டேன். நீல நிறக் கற்கள், பிளாஸ்டிக் செடிகள், மேலே ஒரு டியூப் லைட். தொட்டியை ஜன்னலோரம் வைத்தோம். பகலில் வெயிலும், இரவு பத்து மணிவரை விளக்கும் அதன்மேல் விழுந்தன. கண்ணாடி முழுவதும் பச்சைப்பாசி படர்ந்தது. "அப்பா, ஞாயிற்றுக்கிழமை சுத்தம் செய்வோமா?" என்று மகள் கேட்பாள். "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்பேன். அந்த அடுத்த வாரம் வரவேயில்லை.

2024 மே மாதம் ஊரிலிருந்து உறவினர் வருவதாகச் செய்தி வந்தது. வெட்கம் என்னைத் துரத்தியது. மகள் பக்கத்து வீட்டிற்குச் சென்றிருந்த நேரத்தில் கற்கள், செடிகள், வடிகட்டியின் பஞ்சு அனைத்தையும் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவினேன். தொட்டியைப் புதுத் தண்ணீரால் நிரப்பினேன். பளிங்குபோல் மின்னியது. மறுநாள் மாலைக்குள் எட்டு மீன்களும் மிதந்தன. என் மகள் அழவில்லை, என்னோடு சண்டையிடவுமில்லை. ஒரு பழைய போர்வையை எடுத்துத் தொட்டியை மூடிவிட்டாள். அந்த மௌனம் என்னை வாட்டியது.

நான் அறியாதிருந்தது

சில வாரங்கள் கழித்து குர்லாவில் உள்ள வண்ணமீன் கடையொன்றிற்கு மகளை அழைத்துச் சென்றேன். கடையில் இருந்த வாலிபர் சென்னை கொளத்தூர்க்காரர். வண்ணமீன் வளர்ப்புக்குப் பெயர்பெற்ற ஊர் அது. நடந்ததைக் கேட்டவர், "அண்ணே, இன்றைக்கு மீன் வாங்காதீர்கள். முதலில் தண்ணீரை ஆயத்தப்படுத்துங்கள்" என்றார்.

அவர் விளக்கியது இதுதான்: மீனின் கழிவிலிருந்தும் மீந்த இரையிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சுதான். வேறு நுண்ணுயிர்கள் அதனை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அதன் தீங்கு மிகக் குறைவு; செடிகளுக்கோ அது உணவு. இந்த நுண்ணுயிர்கள் பெரும்பாலும் வடிகட்டியின் பஞ்சிலும் கற்களிலும் குடியிருக்கின்றன. குழாய்த் தண்ணீரின் குளோரின் அவற்றைக் கொல்லும். மீனின் செவுள்களையும் புண்ணாக்கும். நான் அழுக்கென்று தேய்த்துக் கழுவியது மீன்களின் உயிர்க்காவலை!

புதிய தொடக்கம்

ஜூன் மாதம் வேலையைத் தொடங்கினோம். தொட்டியை ஜன்னலிலிருந்து அகற்றி, உள்சுவரோரம் உறுதியான மேசையில், அடியில் தெர்மாகோல் விரித்து வைத்தோம். நீலக் கற்களுக்குப் பதிலாக, கழுவிய ஆற்றுமணலை இரண்டு அங்குல உயரம் பரப்பினோம். பழைய டியூப் லைட் இருந்த இடத்தில் 15 வாட் எல்இடி விளக்கு வந்தது. அதன் ஒளி 6500 கெல்வின், அதாவது பகல் வெளிச்சத்தை ஒத்த வெண்மை. ஒரு டைமரும் பொருத்தினோம்.

"வெளிச்சம் கூடினால் செடி நன்றாக வளரும்தானே?" என்று கேட்டேன். வாலிபர் சிரித்தார். செடி உண்ணக்கூடிய அளவுக்குமேல் வெளிச்சம் கொடுத்தால் மிச்சத்தைப் பாசி உண்ணும். கார்பன் டை ஆக்சைடு செலுத்தாத தொட்டிக்கு மிதமான ஒளியே போதும். தொடக்கத்தில் நாளுக்கு ஆறு மணி நேரம், பின்பு ஏழு அல்லது எட்டு.

செடிகளையும் அவரே தெரிந்து கொடுத்தார். பின்புறம் நட வேலம்பாசியும் வாலிஸ்நேரியாவும். இவை விரைவாக வளர்ந்து அம்மோனியாவை உறிஞ்சிக்கொள்ளும். ஜாவா ஃபெர்னையும் அனுபியாஸையும் மரக்கட்டையில் நூலால் கட்டினோம். அவற்றின் கிழங்குத் தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும். நடுவில் கிரிப்டோகோரைன்.

பத்தே நாட்களில் அந்தக் கிரிப்டோகோரைனின் இலைகள் கூழாகிக் கரைந்தன. என் பழைய சுபாவம் தலைதூக்கியது. "பிடுங்கி எறிந்துவிடுவோம்" என்று கையை உள்ளே விட்டேன். மகள் என் கையைப் பிடித்தாள். "அப்பா, இந்தத் தடவையாவது பொறுங்கள்." வாலிபர் சொன்னதை அவள் மறக்கவில்லை. இடம் மாறினால் அந்தச் செடி இலைகளை உதிர்க்கும். வேர் உயிரோடிருந்தால் மறுபடியும் துளிர்க்கும். அழுகிய இலைகளை மட்டும் எடுத்துவிட்டு வேரை விட்டுவிட்டோம்.

நான்காம் வாரம், ஒரு காலை வேளையில் அவள் என்னை எழுப்பினாள். மணலிலிருந்து விரல்நுனி அளவு ஒரு செந்தளிர். ஊரைவிட்டு வந்து, வாடி, மெல்ல வேரூன்றிய நம்மைப் போன்றோர் எத்தனை பேர்! அந்தத் தளிரை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தினமும் ஒரு துளி இரையை வெறும் தண்ணீரில் போட்டு நுண்ணுயிர்களைப் பெருக்கினோம். ஆறாம் வாரம், பரிசோதனைக் குப்பியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று கண்டபின்பே ஆறு ஜீப்ரா டேனியோக்களை வாங்கினோம். அவை நம் நாட்டு ஓடைகளில் வாழும் மீன்கள்தான். இரண்டு வாரம் கழித்து ஐந்து செர்ரி பார்ப் மீன்கள் வந்தன.

இப்போது ஒவ்வொரு ஞாயிறு மாலையும் கால் பங்கு தண்ணீரை மாற்றுகிறோம். புதுத் தண்ணீருக்குக் குளோரின் நீக்கும் மருந்தைச் சேர்க்கிறோம். பஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசுகிறோம். வெட்டிய செடிகளைச் சாக்கடையிலோ ஏரியிலோ போடாமல் காயவைத்து எறிகிறோம். எங்கிருந்தோ அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆகாயத்தாமரை நம் நீர்நிலைகளை மூடிக்கிடப்பதைப் பார்க்கிறோமே!

பெற்றோரே, ஒன்று சொல்லி முடிக்கிறேன். அசட்டையாய் விட்ட ஐந்து வருடங்களை ஒரே மதியத்தில் தேய்த்துக் கழுவிச் சரிசெய்ய நான் முயன்றேன். தொட்டியும் அதை ஏற்கவில்லை, பிள்ளையும் ஏற்கவில்லை. வாரந்தோறும் ஒரு மணி நேரம், இரண்டு வாளித் தண்ணீர், கொஞ்சம் பொறுமை. இவற்றைத்தான் இரண்டும் என்னிடம் கேட்டன. அந்தப் பழைய போர்வையை மகள் தன் கையாலேயே மடித்து அலமாரியில் வைத்துவிட்டாள். இப்பொழுது ஞாயிறு மாலையானால், அவள் கூப்பிடுவதற்கு முன்பே நான் வாளியோடு நிற்கிறேன்.