ஒரு விசில் சத்தமும் விரல் நுனி கிரீஸும்!

எங்க ஊரு கமுதி. 'அது எங்கப்பா இருக்கு?'ன்னு கேட்பீங்க. பசும்பொன் பக்கம்னு சொன்னா பாதிப் பேருக்குப் புரியும். மீதிப் பேருக்கு, 2016-ல் வந்த 648 மெகாவாட் சோலார் மின் நிலையத்தைச் சொல்வேன். அங்கே சோலார் தகடுகளைத் துடைக்கவே தனியா ரோபோக்கள் இருக்கு. ஏன்னா, எங்க ஊர்ல வெயிலுக்கு அடுத்தபடியா தாராளமா கிடைக்கிறது தூசி! அந்தத் தூசியிலேயே புரண்டு வளர்ந்த நான், தூசியை மறந்ததால ஒரு ரேஸ் கார் இன்ஜினையே காவு கொடுக்கப் பார்த்தேன்.

நான் மெக்கானிக்கல் மூணாம் வருஷம். எங்க காலேஜ் பசங்களும் பொண்ணுங்களும் சேர்ந்து ஒரு குட்டி ஃபார்முலா கார் கட்டினோம். கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில 2017-லிருந்து நடந்துட்டு வர்ற 'ஃபார்முலா பாரத்' மாணவர் போட்டிதான் டார்கெட். அந்த டிராக்குக்குப் பேர் கொடுத்த கரிவர்தன் யார் தெரியுமா? மாருதி இன்ஜினை வெச்சே 'ஃபார்முலா மாருதி' ரேஸ் கார்களை உருவாக்கின நம்ம கோவைக்காரர். கையில இருக்கிறதை வெச்சு ரேஸ் கார் கட்டுறதுல அவர்தான் எங்களுக்கு வாத்தியார்!

எங்க காருக்கு கே.டி.எம். 390 டியூக்கோட பழைய 373 சி.சி. இன்ஜின். எனக்குக் கொடுத்த வேலை, இன்ஜினுக்குக் காத்து போற பாதை. 'காத்துதானே... ப்பூ!'ன்னு நினைச்சேன். கணக்குப் போட்டா தலை சுத்துச்சு. ஒரு லிட்டர் பெட்ரோல் முழுசா எரிய சுமார் 9,000 லிட்டர் காத்து வேணும் பாஸ்! போட்டி விதியோ, அத்தனை காத்தும் 20 மில்லிமீட்டர் ஓட்டை வழியாதான் போகணும்னு சொல்லுது. டியூக்கோட த்ராட்டில் வாய் 46 மில்லிமீட்டர். பரப்பளவுல பார்த்தா, அஞ்சுல ஒரு பங்குகூட கிடையாது. மூக்கைப் பொத்திக்கிட்டு ஓட்டப் பந்தயம் ஓடுற மாதிரி!

ஒத்தை சிலிண்டர் வேற. அது சீரா மூச்சு விடாது. விட்டு விட்டு, ஒரே இழுப்பா இழுக்கும். அதனால ஓட்டைக்கும் இன்ஜினுக்கும் நடுவுல காத்தைச் சேர்த்து வைக்க 'ப்ளீனம்'னு ஒரு டப்பா கட்டினோம். அதுக்கெல்லாம் ராத்திரி பகலா கம்ப்யூட்டர்ல உட்கார்ந்தேன். கோட்டை விட்டது எங்க தெரியுமா? சிவப்புத் தொப்பி போட்ட, பார்க்கவே கெத்தான கோன் ஃபில்டர்ல!

எல்லா வண்டிக்கும் பொருந்தும்னுதான் கடையில சொன்னாங்க. வந்து பார்த்தா ஃபில்டர் கழுத்து 63 மில்லிமீட்டர், எங்க குழாய் 52. பொறுமையா அடாப்டர் கடைய நேரமில்லைன்னு, பழைய சைக்கிள் டியூபை வெட்டி நாலு சுத்து சுத்தி, மேலே கிளாம்ப் போட்டு இறுக்கிட்டேன். காலேஜ் மண் கிரவுண்டுல ரெண்டு ரவுண்டு. என்னா சத்தம்! வீடியோ எடுத்து, தீபாவளி லீவுக்கு ஊருக்குக் கொண்டுபோனேன்.

பெரியப்பா டிராக்டர் மெக்கானிக். மிளகாய்க் காடும் கரிமூட்டமுமா இருக்கிற எங்க பக்கத்துல, வண்டிங்க புழுதியைத் தின்னுதான் உயிர் வாழும். பெருமையா வீடியோவைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"ஏப்பா... நடுவுல விசில் அடிக்குதே, கேட்டியா?"

"ரேஸ் கார் பெரியப்பா, அப்படித்தான் இருக்கும்."

"ரேஸ் காரோ டிராக்டரோ, காத்து வாசல் வழியா வரணும். இது சந்து வழியா வருது."

அப்புறம் ஒரு டிராக்டரோட ஏர் கிளீனரைக் கழட்டிக் காட்டினார். கீழே கிண்ணத்துல எண்ணெய். உள்ளே பாய்ற காத்து அங்கே திரும்பும்போது, புழுதி திரும்ப முடியாம எண்ணெயில விழுந்து சகதியா நிக்குது. "இந்தச் சகதி பிஸ்டன் பக்கம் போனா என்னாகும்? உப்புத்தாள் வெச்சுத் தேய்ச்ச மாதிரிதான்" என்றார். "ஃபில்டருக்கு அந்தாண்ட, குழாய்க்கு உள்ளே லேசா கிரீஸ் தடவு. ஓட்டிட்டு வந்து விரலை விட்டுப் பாரு. பொய் சொல்லாது."

லீவு முடியறதுக்கு முன்னாடியே ஹாஸ்டலுக்கு ஓடினேன். யாருக்கும் சொல்லாம கிரீஸ் தடவி, ஒரே ஒரு ரவுண்டு. விரலை விட்டேன். செம்மண் கலர்ல நறநறன்னு வந்துச்சு!

அந்த நிமிஷத்தை எப்படிச் சொல்றது? இன்ஜின், முப்பது பேர் பாக்கெட் மணியில வாங்கினது. விரலைத் துடைச்சுட்டு, ராவோட ராவா குழாயை மாத்திட்டு கமுக்கமா இருந்திருக்கலாம். ஆனா, ரேஸ் அன்னிக்கு இன்ஜின் படுத்துட்டா? துடைக்காத விரலோட கேப்டன் அக்காகிட்ட போய் நின்னேன். முழுசா ஒரு நிமிஷம் பேசவே இல்லை அவங்க. அப்புறம், "எத்தனை ரவுண்டு ஓடிச்சு?"ன்னு மட்டும் கேட்டாங்க. "மூணுக்கா." ஆயிலை இறக்கினோம், கம்ப்ரெஷன் பார்த்தோம். ரீடிங் சரியா இருந்துச்சு. இன்னும் ஒரு வாரம் ஓட்டியிருந்தா? நினைச்சாலே வயித்தைக் கலக்குது.

அடுத்த மூணு நாள் லேத்துதான் எனக்கு வீடு. வெர்னியர் வெச்சு அளந்து, ஒரு பக்கம் 63, மறு பக்கம் 52-ன்னு அலுமினியத்துல அடாப்டர் கடைஞ்சேன். ஹோஸ் நழுவாம இருக்க நுனியில சின்னதா ஒரு வரம்பு. இன்னொரு தப்பும் அப்பதான் தெரிஞ்சது... ஃபில்டர், ரேடியேட்டர் அனல் காத்துல உட்கார்ந்திருந்துச்சு. 35 டிகிரி காத்து 65 டிகிரிக்குச் சூடானா, அதே அளவு காத்துல சுமார் 9 சதவிகிதம் ஆக்சிஜன் குறையும். விதி அனுமதிச்ச எல்லைக்குள்ள மேலே தூக்கி வெச்சு, நடுவுல ஒரு தகடு மறைப்பு கொடுத்தோம்.

கடைசியா டெஸ்ட். ஃபில்டரைக் கழட்டி, ஓடுற இன்ஜினோட காத்து வாயை ஒரு பலகையால மூடினோம். எங்கேயாவது சந்து இருந்தா இன்ஜின் முக்கி முனகி ஓடும். எங்க இன்ஜின் 'டப்'புன்னு நின்னுச்சு. ஒரு வண்டி நின்னுபோனதுக்கு ஒரு கூட்டமே கைதட்டினது அன்னிக்குத்தான்!

நீங்களும் பைக்குக்கோ காருக்கோ வெளி ஃபில்டர் மாட்ட ஆசைப்படுறீங்களா? பாக்ஸ்ல போட்டிருக்கிற பவர் கணக்கை நம்புறதுக்கு முன்னாடி, கழுத்து அளவைப் பாருங்க. விசில் கேட்டா ரசிக்காதீங்க. விரல்ல மண் ஒட்டிச்சுன்னா... தயவுசெஞ்சு துடைச்சிடாம, காட்ட வேண்டியவங்ககிட்ட காட்டிடுங்க!