தேய்ந்த துணை

மல்லேஸ்வரத்தில் நாம் குடியிருக்கும் தெருவிலிருந்து இராமன் ஆராய்ச்சி நிலையம் நடந்தே செல்லும் தொலைவுதான். அங்கு நிகழ்ந்த ஆராய்ச்சி ஒன்றைப் பற்றி அண்மையில் படித்தோம். மெட்ரிகுலேஷனோடு நின்ற நமக்குக் கணக்கு விளங்கவில்லை, கதை விளங்கிற்று.

1982 இல் வினாடிக்கு 642 முறை சுழலும் துடிப்பு விண்மீன் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. வெடித்து மாண்ட பெருவிண்மீனின் எச்சம் அது. நாளாக ஆக வேகம் குன்றுவதே இவற்றின் இயல்பு. இதற்கு மட்டும் இவ்வேகம் எங்கிருந்து வந்தது? சர் சி. வி. இராமனின் மைந்தர் இராதாகிருஷ்ணனும் சீனிவாசனும் அவ்வாண்டே இந்நிலையத்திலிருந்து விடை கூறினர். அருகிருந்த துணை விண்மீனின் பொருள் வழிந்து வந்து விழவே, ஓய்ந்து கிடந்தது மீண்டும் விரைந்து சுழன்றதாம். அயல்நாட்டாரும் அவ்வாறே உரைத்தனர். ஆயின் அத்துணையைத்தான் காணோம்!

1988 இல் வேறொன்று அகப்பட்டது. அதன் துணை ஒன்பது மணி நேரத்திற்கொருமுறை அதனைச் சுற்றி வருகிறது. நம் ஞாயிற்றின் நிறையில் நூற்றில் சில பங்கே அதில் எஞ்சியுள்ளது. தனக்கு வேகம் ஈந்த துணையையே அவ்விண்மீன் தன் கதிர்வீச்சால் சுட்டு ஆவியாக்குகிறது. இணையைத் தின்னும் சிலந்தியின் பெயரால் அதனைக் 'கறுப்பு விதவை' என்கின்றனர். பெயரிட்டவர் குறும்பர்தாம்! 1982 இல் கண்டதன் துணையும் இப்படியே கரைந்திருக்கலாம் என்று கருதினர்.

அன்றிரவு நமக்கு உறக்கம் பிடிக்கவில்லை. தந்தையார் இரயில்வேப் பணியிலிருந்தபோதே காலமானார். வாரிசு வேலையோ ஒருவருக்கே. நம்மினும் மிகுந்த மதிப்பெண் பெற்ற தமக்கையார், தமக்கு மறுப்பில்லை என்று கையெழுத்திட்டு அதனை நமக்கு விட்டார். இன்று ஜோலார்பேட்டையில் தையற்பொறியின் முன் அமர்ந்திருக்கிறார். சென்ற தீபாவளிக்கு அழைத்தார், விடுப்பில்லை என்றோம். விடுப்பு இருந்ததென்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.