பெண்ணையாற்றங்கரையிலிருந்து பழங்கடலுக்கு

திருக்கோவிலூரில் பெண்ணையாற்றின் நடுவே கபிலர் குன்று என்னும் பாறை நிற்கிறது. பாரி வள்ளலை இழந்த கபிலர், அவ்வள்ளலின் மகளிருக்கு வாழ்வு தேடித் தந்தபின் இவ்விடத்திலே தம் உயிரைத் துறந்தார் என்பது வழிவழி வரும் செய்தி. 2024ஆம் ஆண்டு டிசம்பரில், ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணை நிரம்பி, பெண்ணை இரு கரையும் புரண்டு ஓடியது. வெள்ளம் வடிந்த சில வாரங்களுக்குப்பின், பன்னிரண்டு வயதுப் பேரனை அழைத்துக்கொண்டு ஆற்றைப் பார்க்கச் சென்றேன்.

கரை ஓரிடத்தில் செங்குத்தாக இடிந்திருந்தது. அந்த வெட்டுவாயில் மண் வரிவரியாகத் தெரிந்தது. பருமணல் ஒரு வரி, அதன்மேல் மாவு போன்ற வண்டல் ஒரு வரி, மீண்டும் பருமணல். "தாத்தா, இந்தக் கோடுகளை யார் போட்டார்கள்?" என்று பையன் கேட்டான்.

"ஆறுதான் போட்டது" என்றேன். நீர் விரைந்து ஓடும்போது கூழாங்கல்லும் மணலும் தங்கும். வேகம் தணிந்து தேங்கும்போது நுண்ணிய சேறு படியும். ஆகவே ஒவ்வொரு வரியும் ஒரு வெள்ளத்தின் கையெழுத்து.

கீழே கிடக்கும் அடுக்கு முந்தியது, மேலே கிடப்பது பிந்தியது என்னும் எளிய விதியை 1669இல் எழுதி வைத்தவர் நிக்கோலாஸ் ஸ்டெனோ. டென்மார்க்கில் பிறந்த மருத்துவர் அவர். மக்கள் 'நாக்குக் கற்கள்' என்று அழைத்துவந்தவை உண்மையில் சுறாமீன் பற்களே என்று 1667இல் எடுத்துக்காட்டினார். அதே ஆண்டில் கத்தோலிக்கரானார். பின்னர் குருவாகி, 1677இல் ஆயருமானார். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1988இல் அவரை அருளாளராக அறிவித்தார். மண்ணைக் கூர்ந்து நோக்குவதும் விண்ணை நோக்கி வேண்டுவதும் அவருக்கு முரணாகத் தோன்றவில்லை.

"அப்படியானால் கபிலர் குன்றிலும் கோடுகள் இருக்குமா?" என்றான் பையன். இரா. பூமியின் ஆழத்தில், பெருவெப்பத்தில் உருவான பாறைக் குடும்பம் அது. நம் பகுதிப் பாறைகளில் பெரும்பாலானவை ஏறக்குறைய 250 கோடி ஆண்டு வயதுடையவை. சேற்றின் வரலாற்றை வாசிக்கப் படிவுப் பாறையைத் தேடிப் போகவேண்டும். அப்படிப் போவதென்று அன்றே முடிவு செய்தோம்.

உளுந்தூர்பேட்டை சென்று, திருச்சி நெடுஞ்சாலையில் பெரம்பலூரைக் கடந்து, பாடாலூரில் கிழக்கே திரும்பினோம். முதலில் வருவது தெரணி. இங்குள்ள வெண்களிமண் படிவுகளில் பழங்காலச் செடிகளின் இலைகள் அச்சுப் பதித்தாற்போல் கிடைத்திருக்கின்றன. இந்தியா அண்டார்க்டிகாவினின்று பிரிந்து, இன்றைய காவிரிச் சமவெளி தாழ்ந்து இறங்கத் தொடங்கிய காலத்தின் கரையோரம் இது.

பிறகு காரை. புல்லும் முளைக்காத மேடுகள். மழைநீர் அறுத்த ஓடைகள். அவற்றின் சரிவுகளில் ஜிப்சம் கண்ணாடித் துண்டுபோல் மின்னுகிறது. காலடியில் துப்பாக்கிக் குண்டு வடிவில் சிறு கற்கள் சிதறிக் கிடக்கின்றன. அவை பெலம்னைட்டுகள், கணவாய்க்கு உறவான, மறைந்துபோன கடலுயிர்களின் உட்கூட்டுப் பகுதிகள். சுருள் சுருளான அம்மோனைட்டுகளும், ஸ்டெனோ ஆராய்ந்தாரே, அந்தச் சுறாப் பற்களும் இங்கே கிடைத்துள்ளன. அப்பால் கருடமங்கலத்தில் மணற்கல்லும் சிப்பிகளும் மிகுதி. சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள மரம் ஒன்று கல்லாய்க் கிடக்கிறது. அதை 1940இல் உலகறியச் செய்தவர் நிலவியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன். இலை, களி, மணல், மரம் என்று வரிசையாகப் பார்த்தால், கடல் நிலத்துள் புகுந்து, ஆழ்ந்து, மீண்டும் பின்வாங்கிய கதை புலனாகும்.

இவ்வட்டாரத்துக் கல்லக்குடியில், பவளச் சுண்ணாம்புக்கல்லோடு கருஞ்சாம்பல் நிறக் களிப்பாறையும் உண்டு. அந்தக் கருமை எங்கிருந்து வந்தது? கடலில் மடியும் நுண்ணுயிர்கள் அடியில் சென்று சேர்கின்றன. அங்கே பிராணவாயு இருந்தால் அவை மட்கி மறைந்துவிடும். இல்லையெனில் அவற்றின் கரி சேற்றோடு தங்கி, சேற்றைக் கருமையாக்கும். கரிய களிப்பாறையைக் காணும் அறிஞர், "இங்கே ஒரு காலத்தில் கடலடி மூச்சுத் திணறியது" என்று வாசிக்கிறார்.

ஏறத்தாழ 9 கோடியே 40 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இத்திணறல் உலகின் பல கடல்களைப் பற்றியது. எரிமலைகள் கக்கிய கரியமில வாயு பூமியைச் சூடாக்கியதே அதற்கு முதன்மையான காரணம் என்பது பல அறிஞர்களின் கருத்து. சூடேறிய நீர் குறைந்த பிராணவாயுவையே தாங்கும். 1960க்கும் 2010க்கும் இடையே நம் கடல்கள் தம் பிராணவாயுவில் ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு பங்கை இழந்துவிட்டன. இன்று கரியைக் காற்றில் சேர்ப்பவை எரிமலைகள் மட்டுமல்ல; நம் ஆலைகளும் வண்டிகளுந்தாம். பழைய பாறை நமக்கு இன்றைய செய்தியையும் சொல்கிறது.

திரும்பும் வேளையில் பையனின் சட்டைப்பை கனத்திருந்தது. ஆறேழு பெலம்னைட்டுகள்! "எடுத்த இடத்திலேயே வைத்துவிடு" என்றேன். "நீங்கள் மட்டும் எடுத்து வந்தீர்களே தாத்தா?" என்றான்.

எனக்கு நாணமாய்ப் போயிற்று. நாற்பது ஆண்டுகளுக்கு முன் இதே வட்டாரத்தில் நான் பொறுக்கிய அம்மோனைட்டு ஒன்று, என் மேசையில் காகிதங்கள் பறக்காமல் காத்துக் கிடக்கிறது. எந்த ஓடையில், எந்த அடுக்கில் எடுத்தேன் என்பது நினைவில் இல்லை. அடுக்கைவிட்டுப் பிரிந்த கல், ஏட்டிலிருந்து கிழிந்த பக்கம். தான் எந்தக் கடலில் வாழ்ந்தது என்பதை அது இனி எவருக்கும் உரைக்காது. இதை அவனிடம் ஒளிக்காமல் சொன்னேன்.

அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு ஓடைக்குள் இறங்கி, கற்களை ஒவ்வொன்றாக வைத்துவிட்டு வந்தான்.

அன்பர்களே, விடுமுறையில் பிள்ளைகளை இங்கே அழைத்து வாருங்கள். அரியலூரை அடுத்த வாரணவாசியிலுள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தையும் காட்டுங்கள். அவர்கள் கைகள் வெறுமையாய்த் திரும்பட்டும். கண்கள் நிறைந்து திரும்பட்டும். நாம் வாசித்த ஏட்டை, பின்வருவோரும் வாசிக்க விட்டுவைப்பது நம் கடன் அல்லவா?