ரைன் நதியோரம் அலெமானிக்

ஜெர்மன் மொழிப்பரப்பின் தென்மேற்கு மூலையில் வழங்கும் வட்டார வழக்குகளை மொழியியலார் அலெமானிக் என்ற ஒரே குடும்பமாகக் கொள்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் ஜெர்மன் பகுதி, லீச்சென்ஸ்டைன், ஆஸ்திரியாவின் ஃபோரார்ல்பெர்க், பிரான்சின் அல்சாஸ், ஜெர்மனியின் தென்மேற்கு, இத்தாலியின் சில ஆல்ப்ஸ் ஊர்கள் என ஆறு நாடுகளில் அது வாழ்கிறது.

ஆஸ்திரியாவில் இதன் கிழக்கெல்லை ஆர்ல்பெர்க் மலை. மலைக்கு அந்தப் பக்கம் டிரோலில் பவேரியக் குடும்பத்துப் பேச்சு. இந்தப் பக்கம் ஃபோரார்ல்பெர்க்கில் இறங்கினால் அலெமானிக். இரண்டும் ஆஸ்திரிய மாநிலங்கள்தான். 1884இல் ரயில் சுரங்கம் திறக்கும்வரை பனிக்காலத்தில் அந்தக் கணவாயைக் கடப்பது பெரும்பாடு.

போடன் ஏரியிலிருந்து ரைன் வழியே மேற்கே போகப் போக ஒலிகள் மாறுகின்றன. குழந்தையை பாசல் நகரத்தின் பழைய பேச்சு ‘கிண்ட்’ என்கிறது. சூரிச்சில் அந்தக் ககரம் தொண்டையில் உரசி ஹகரத்தை நெருங்குகிறது. வடக்கே ஸ்டுட்கார்ட் பக்கத்து ஸ்வாபியனும் இதே குடும்பம். செல்லமாகச் சொல்லும் சொற்களின் முடிவில் அங்கே ‘லே’, சூரிச்சில் ‘லி’.

குடும்பத்தின் பழமையான கிளை தெற்கே, சுவிட்சர்லாந்தின் வாலிஸ் பள்ளத்தாக்குகளில் இருக்கிறது. மற்ற இடங்களில் தேய்ந்துபோன சொல்லிறுதி உயிரெழுத்துகள் அங்கே இன்னும் முழுசாக ஒலிக்கின்றன. சக சுவிஸ்காரர்களே புரியாமல் திணறுவதுண்டு. இடைக்காலத்தில் அங்கிருந்து மலை தாண்டிக் குடியேறியவர்கள் வால்சர்கள். இத்தாலியின் கிரெசோனே, லீச்சென்ஸ்டைனின் ட்ரீசன்பெர்க் எல்லாம் அவர்கள் ஊர்கள். ஆஸ்திரியாவின் கிளைன்வால்சர்டாலும் அப்படித்தான். அந்தப் பள்ளத்தாக்குக்குக் காரில் போக ஜெர்மனி வழியாக மட்டுமே சாலை உண்டு.

மொழி ஒன்றானாலும், எந்த நாட்டில் விழுந்தது என்பதே அதன் கதியைத் தீர்மானித்தது. சுவிட்சர்லாந்தில் செய்தித்தாள் பொது ஜெர்மனில் வந்தாலும், வீட்டிலும் வங்கியிலும் வாய்திறந்தால் வட்டார வழக்குதான். படித்தவர் பேசத் தயங்குவதில்லை. ஜெர்மனியில் யோஹான் பீட்டர் ஹேபல் 1803இலேயே இதில் கவிதைத் தொகுப்பு வெளியிட்டு இலக்கிய மதிப்பு தேடித்தந்தார்; ஆனாலும் நகரங்களில் பொது ஜெர்மன் இதை ஒதுக்கிவருகிறது.

அல்சாஸின் நிலைதான் வேதனை. 1871 முதல் 1945 வரை நான்கு முறை கைமாறிய மண் அது. நாஜி ஆக்கிரமிப்பு முடிந்ததும் பள்ளிகளில் பிரெஞ்சு மட்டுமே கோலோச்சியது. ஜெர்மன் சாயலுள்ள பேச்சே பழியாயிற்று, பெற்றோர் பிள்ளைகளிடம் அதைப் பேசுவதைக் குறைத்தார்கள். ஸ்ட்ராஸ்பூர்க் பழைய நகரின் தெருப்பலகைகளில் பிரெஞ்சுப் பெயருக்குக் கீழே அல்சாசியப் பெயரும் இருக்கிறது. பேசுவோரில் பெரும்பாலோர் முதியவர்கள். இருமொழிப் பள்ளிகள் பல இருந்தாலும், அவற்றில் பெரும்பாலானவை பிரெஞ்சோடு கற்பிப்பது பொது ஜெர்மனைத்தான்.