கறுப்புப் பூசிய டயரும் மடி கட்டிய ஆடும்

ஐப்பசி பிறந்துவிட்டால் பல்லாவரம் முதல் பெருங்களத்தூர் வரை ஜி.எஸ்.டி. சாலையோரத்து டயர்க் கடைகளின் முன் கார்கள் வரிசையாக நிற்கத் தொடங்கிவிடும். கோடை முழுவதும் மொட்டை டயருடன் ஓடிய வண்டி, முதல் மழையில் ஒருமுறை வழுக்கிய பிறகுதான் உரிமையாளருக்கு டயர் என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வருகிறது. கடைக்காரர்களும் அதை நன்கு அறிவார்கள்.

சேலையூரில் வசிக்கும் என் தங்கை மகன், மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் பணிபுரிகிறான். 2019இல் வாங்கிய ஸ்விஃப்ட் கார் அவனுடையது. இளைஞர்கள் விரும்பும் துடிப்பான வண்டி. அவனும் அதைத் துடிப்பாகவே ஓட்டுவான். காலையில் அலுவலக நண்பர்கள் மூவர் அதில் ஏறிக்கொள்கிறார்கள். வார இறுதியில் மனைவியும் கைக்குழந்தையும். சென்ற அக்டோபரில் ஓர் அஸர் தொழுகைக்குப் பின் அவன் என்னிடம் வந்து, “மாமா, நாலு டயரும் போயிடுச்சு. கையில பன்னிரண்டாயிரந்தான் இருக்கு. இ.எம்.ஐ.-ல வாங்கலாமா, இல்ல செகண்ட்ஹேண்ட் போட்டுக்கலாமா?” என்று கேட்டான். முதல் கேள்வி வட்டி பற்றியது என்பதால் என்னிடம் வந்திருக்கிறான். மார்க்கத்தின் பார்வையில் இரண்டாவது கேள்விதான் நுட்பமானது என்பது அவனுக்கு அப்போது தெரியாது.

இ.எம்.ஐ. விஷயம் விரைவில் முடிந்தது. கடையில் சொன்ன தவணைத் திட்டத்தில் வட்டி வெளிப்படையாகவே இருந்தது. மேற்கொண்டு ஆராய அதில் ஒன்றுமில்லை. குறையும் தொகையைக் குடும்பத்துக்குள்ளேயே வட்டியில்லாக் கடனாகத் திரட்டிக்கொள்வோம் என்றேன். அதற்குமுன் எந்த டயர், என்ன விலை என்று பார்க்க இருவரும் இரண்டு மாலைகள் கடை கடையாக ஏறி இறங்கினோம்.

அவனுக்கு ஓர் ஆசை இருந்தது. இப்போதுள்ள 185/65 ஆர் 15 அளவை மாற்றி, 16 அங்குல அலாய் வீலுடன் 195/55 போட்டால் வண்டி இன்னும் கம்பீரமாக நிற்கும் என்றான். அழகை விரும்புவது பாவமன்று; அதை வீண்விரயம் என்று கண்டிக்கவும் நான் முனையவில்லை. கணக்கை மட்டும் போட்டுக் காட்டினேன். டயரின் மொத்த உயரம் ஏறத்தாழ அப்படியேதான் இருக்கிறது. பக்கச்சுவர் மட்டும் 120 மில்லிமீட்டரிலிருந்து 107 ஆகக் குறைகிறது. அந்த 13 மில்லிமீட்டர் ரப்பரும் காற்றும்தான் பள்ளத்தின் அடியை வாங்கிக்கொள்ளும் மெத்தை. வேளச்சேரி–தாம்பரம் சாலையில் மழைநீர் தேங்கி நிற்கையில் பள்ளம் எது, தார் எது என்று யாருக்குத் தெரியும்? பந்தயத் தடத்தில் குட்டையான பக்கச்சுவர் நன்மை தரலாம். நம் புறநகரில் அது பக்கச்சுவர் வெடிப்புக்கும் ரிம் நெளிவுக்கும்தான் வழி. கம்பெனி கொடுத்த அளவிலேயே நின்றான். செலவும் பெருமளவு குறைந்தது.

டயரின் பக்கச்சுவரில் உள்ள எழுத்துகளைப் படிக்கத் தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்றங்களிலிருந்து தப்பலாம். அளவுக்குப் பின் வரும் 88 என்ற எண், அந்த ஒரு டயர் 560 கிலோ வரை சுமக்கும் என்பதைக் குறிக்கிறது. அதையடுத்த எழுத்து வேக எல்லை: எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர், டி என்றால் 190, ஹெச் என்றால் 210. நம் சாலையில் யார் அந்த வேகத்தில் போகிறார்கள் என்று கேட்கலாம். போக வேண்டியதில்லை, வண்டியின் கையேடு சொல்லும் அளவுக்குக் கீழே இறங்காமல் இருந்தால் போதும். நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்கள் டயர் பிறந்த நாளைச் சொல்லும். 3219 என்றால் 2019ஆம் ஆண்டின் 32ஆம் வாரம். ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் இருக்க வேண்டும்.

தேய்மானத்துக்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லை 1.6 மில்லிமீட்டர். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 94ஆம் விதி, காரின் டயர்ப் பள்ளம் அதற்குக் கீழே போகக்கூடாது என்கிறது. பள்ளங்களுக்கு இடையில் சிறு மேடுகள் வைத்தே டயரை வார்க்கிறார்கள். டயரின் மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. ஆனால் மழைக்காலத்தில் 1.6 வரை காத்திருப்பது ஆபத்து. நம் மெக்கானிக்குகள் ‘பட்டன்’ என்று சொல்லும் அந்தக் கட்டங்களுக்கு இடையேயான பள்ளங்களுக்கு உள்ள முதன்மையான வேலை, சக்கரத்தின் அடியில் சிக்கும் நீரைப் பக்கவாட்டில் வெளியேற்றுவது. பள்ளம் ஆழமற்றுப் போனால் நீர் வெளியேற வழியின்றி, சக்கரம் தாரைத் தொடாமல் நீரின் மேல் மிதக்கத் தொடங்கும். அந்த நொடியில் பிரேக்கும் ஸ்டியரிங்கும் பயனற்றவை. மூன்று மில்லிமீட்டருக்குக் குறைந்ததுமே மாற்றிவிடுவது நல்லது என்பதே என் கருத்து. (ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்கல் வைக்கச் சொன்ன நபிமொழியை வாசகர்கள் அனைவரும் அறிவீர்கள், எனவே அதை இங்கே விரித்து எழுதவில்லை.)

விலையைப் பொறுத்தவரை காலம் சற்று இரக்கம் காட்டியிருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரிக்கு முன் 5,000 ரூபாய் விலையுள்ள டயர் முன்பு 6,400, இப்போது 5,900. நான்கு டயருக்கு 2,000 ரூபாய் மிச்சம். ஒரு கடையில், பில் வேண்டாம் என்றால் இன்னும் குறைத்துத் தருவதாகச் சொன்னார்கள். பில் இல்லையேல் வாரண்டியும் இல்லை. அரசுக்குச் சேர வேண்டியதை இருவரும் பங்கிட்டுக்கொள்ளும் அந்த ஏற்பாட்டில் எங்களுக்கு விருப்பமும் இல்லை. எழுந்து வந்துவிட்டோம்.

எந்தக் கம்பெனி என்பதில் நம் ஊரில் வாதம் ஓயாது. 1946இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய இடத்திலிருந்து வளர்ந்தது எம்.ஆர்.எஃப். ஒரகடத்தில் அப்போலோ இருக்கிறது, ஸ்ரீபெரும்புதூரில் ஜே.கே. நாம் டயர்த் தொழிற்சாலைகளுக்கு நடுவேதான் குடியிருக்கிறோம். ஈரச் சாலையில் பிடிப்பு, உருளும்போது ஏற்படும் எதிர்ப்பு, ஒலி ஆகிய மூன்றுக்கும் 2022இல் விதித்திருத்தத்தின் வழியே தரவரையறை வந்துவிட்டதால், அறியப்பட்ட கம்பெனி ஒன்றின் எளிய டயரே அன்றாடப் பயணத்துக்குப் போதும். புதிதாகத் தயாரான எளிய டயரைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். மூன்றாண்டுகள் கிடங்கில் கிடந்த உயர்ரக டயர் தள்ளுபடியில் கிடைத்தாலும் வேண்டாம். நைட்ரஜன் காற்றுக்குத் தனிக் கட்டணம் கொடுப்பதும் தேவையற்றது. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே ஏறத்தாழ 78 விழுக்காடு அதுதான்.

இனி செகண்ட்ஹேண்ட் கேள்வி. பழைய டயர் வணிகம் முழுவதும் மோசடி என்று சொல்வது அநீதி. புதுக் கார் வாங்கிய கையோடு பெரிய அலாய் போட்டுக்கொள்பவர்கள் கழற்றிக் கொடுக்கும் டயர்கள் ஏறத்தாழப் புதியவை. அவற்றைத் தயாரிப்பு வாரம் பார்த்து, உட்புறத்தில் ஒட்டு இருக்கிறதா என்று தடவிப் பார்த்து வாங்கினால் ஏழைக்கு அதைவிட நல்ல பேரம் இல்லை. லாரி டயருக்கு ரீட்ரேடிங் செய்வதும் நெடுநாளாக நடந்துவரும் முறையான தொழில். ஆனால் நாங்கள் சென்ற ஒரு கடையில் கண்டது வேறு. வரிசையாக அடுக்கியிருந்த டயர்கள் யாவும் கன்னங்கரேலென்று மின்னின. ஒன்றைத் திருப்பி விரலால் அழுத்தித் துடைத்தேன். கறுப்புப் பாலிஷ் விரலோடு வந்தது; அதன் கீழே பக்கச்சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகள். மற்றொன்றில் பள்ளங்கள் ஆழமாக இருந்தன, ஆனால் அவற்றின் விளிம்பு புதிதாகச் சீவியது போலிருந்தது. தேய்ந்த டயரில் சூடான கத்தியால் புதுப் பள்ளம் கீறியிருக்கிறார்கள். அப்படிக் கீறுவதற்காகக் கூடுதல் ரப்பர் வைத்துச் செய்யப்படும் லாரி டயர்கள் உண்டு. அவற்றின் மேல் அதைக் குறிப்பிட்டிருக்கும். கார் டயரில் அந்தக் கூடுதல் ரப்பர் கிடையாது. கத்தி உள்ளே ஓடும் எஃகுக் கம்பி அடுக்கை நெருங்கிவிடும்.

என் நினைவு அப்போது ‘கிதாபுல் புயூஃ’ பாடத்துக்குச் சென்றது. விற்பதற்கு முன் சில நாள் பால் கறக்காமல் மடியைக் கட்டிவைத்து, நிறையக் கறக்கும் பிராணி என்று தோன்றச் செய்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. அத்தகைய பிராணிக்கு ‘முஸர்ராத்’ என்று பெயர். ஏமாந்து வாங்கியவர் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம், அல்லது கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்துடன் திருப்பிக் கொடுக்கலாம். திருப்பிக் கொடுப்பதில் ஹனஃபி மத்ஹபின் நிலை வேறு. ஷாஃபிஈ மத்ஹபில் இச்சட்டம் ஆட்டோடு நிற்கவில்லை. இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ நூலில், ஆலை ஓடும் கால்வாயின் நீரைத் தேக்கிவைத்து விற்கும் வேளையில் திறந்துவிடுவதும், அக்கால அடிமை விற்பனையில் முடிக்குக் கருமை பூசுவதும் இதே வகையில் சேர்க்கப்பட்டிருக்கின்றன; வாங்கியவருக்கு ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமை உண்டு. ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களுக்கு இதை நடத்துகிறேன். ஆட்டையும் அடிமையையும் உதாரணமாகச் சொல்லும்போது அவர்கள் கண்ணில் தூக்கம்தான் தெரியும். இந்த ஆண்டு டயரைச் சொன்னேன், நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

நான்கு புது டயர்களை வாங்க முடிவாயிற்று. குடும்பத்தில் கடன் திரண்டது. ஆனால் விஷயம் அங்கே முடியவில்லை. கழற்றப்போகும் பழைய டயர்கள் என்னாவது? முன்சக்கரங்கள் இழுக்கும் வண்டி என்பதால் முன்னிரண்டும் மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்திருந்தன. பின்னிரண்டில் பட்டன் இன்னும் நன்றாக இருந்தது, நான்கு மில்லிமீட்டர் இருக்கலாம். ஆனால் ஆறாண்டு வெயிலில் நின்ற அவற்றின் பக்கச்சுவரில் வெடிப்புகள் தெளிவாகத் தெரிந்தன. புது டயர்க் கடைக்காரர் பின்னிரண்டுக்கும் சேர்த்து 1,600 ரூபாய் கழித்துக்கொள்வதாகச் சொன்னார். கடனில் நிற்பவனுக்கு அது சிறிய தொகையன்று.

“அவருக்குத்தான் குறை தெரியுமே மாமா, நாம எதையும் மறைக்கலையே?” என்றான் மருமகன். சட்டப்படி அவன் சொன்னது சரி. குறையைக் கண்ணால் பார்த்து அறிந்தே வாங்குபவருக்கு விற்பது மோசடியாகாது. உணவுக் குவியலின் அடியில் ஈரத்தை மறைத்து விற்ற வணிகரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தது, அவர் அதை மறைத்ததற்காகத்தான். ஆனால் அந்த இரண்டு டயர்களும் அந்தக் கடையிலேயே நின்றுவிடப் போவதில்லை. கறுப்புப் பூசப்பட்டு வேறொரு வரிசையில் அடுக்கப்பட்டு, வாடகைக்கார் ஓட்டும் யாரோ ஒருவரின் வண்டியில் ஏறும். வண்டலூர் வெளிவட்டச் சாலையின் வெயிலில், பின்இருக்கையில் யாருடைய பிள்ளைகளோ அமர்ந்திருக்க, அது ஓடும். மது காய்ச்சுபவருக்குத் திராட்சை விற்பது பற்றி ஃபிக்ஹு நூல்களில் ஒரு பழைய விவாதம் உண்டு. ஷாஃபிஈ அறிஞர்கள், வாங்குபவர் அதை மதுவாக்குவார் என்று உறுதியாகத் தெரிந்தால் ஹராம், ஐயம் மட்டும் இருந்தால் மக்ரூஹ் என்பார்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் திராட்சை தன்னளவில் ஹலாலான பொருள் என்பதைப் பார்த்து விற்பனையை அனுமதிக்கிறார்கள். இரு கருத்தையும் அவனிடம் சொன்னேன். நான் ஃபத்வா கொடுப்பவன் அல்லன் என்பதையும் சொன்னேன். அந்தக் கடைக்காரர் என்ன செய்வார் என்று நமக்கு உறுதியாகத் தெரியாது. அவரைப் பற்றித் தீய எண்ணம் கொள்ளவும் நமக்கு உரிமையில்லை.

அவன் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அவற்றை வீட்டு மாடியில் போட்டுவைக்கலாமா என்று கேட்டான். மழைநீர் தேங்கும் பழைய டயரைவிட டெங்குக் கொசுவுக்கு உகந்த வீடு வேறில்லை என்பதால் அதுவும் ஆகாது.

டயர் மாற்றிய அன்று, கழற்றிய நான்கையும் பக்கச்சுவரில் கிரைண்டரால் அறுத்துத் தரும்படி கடைப் பையனிடம் கேட்டான். பையன் பின்னிரண்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். “பட்டன் இவ்ளோ இருக்கு, இதைப் போய் அறுக்கச் சொல்றீங்களே பாய்?” என்றான். மருமகன் டயரை வளைத்து வெடிப்பைக் காட்டினான். பையன் தோளைக் குலுக்கிக்கொண்டு இயந்திரத்தை எடுத்தான். ரப்பர் கருகும் நாற்றம் கடை முழுவதும் பரவியது. துண்டுகள் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போயின. கிடைத்தது இருநூறு ரூபாய்க்கும் குறைவு. வீல் அலைன்மென்ட் கட்டணத்துக்கு அது பாதிகூடக் காணவில்லை.