நாயாறு: நாயா, ஞாயிறா?

முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய் நோக்கிச் செல்லும் கரையோர வீதியில், செம்மலையை அடுத்துக் குறுக்கிடும் களப்பு, அதாவது கடலை ஒட்டிய உவர்நீரேரி, நாயாறு எனப்படுகிறது. வடக்கே நந்தி கடலுக்கும் தெற்கே கொக்கு இளாய்க்கும் பெயர் தந்து நிற்க, இடையில் கிடக்கும் இந்நீருக்கு மட்டும் நாய் வாய்த்தது ஏன் என்ற உறுத்தலே இத்தேடலின் தொடக்கமாகும். அவ்வுறுத்தலில் ஊர்ப்பற்றின் கூச்சமும் சிறிது கலந்திருந்ததை மறைப்பதற்கில்லை.

கூச்சத்தைத் தீர்க்க முதலில் கைகொடுத்தது ஞாயிறு. சோழர் கல்வெட்டுகளில் கதிரவன் மகர ராசியில் நிற்கும் மாதம் 'மகர நாயற்று' என்றே பொறிக்கப்படும்; ஞகரம் நகரமாவது அங்கே வழக்கமான எழுத்து. ஞாயிறு, ஆறு ஆகிய இரு சொற்களும் வேற்றுமை உருபு ஏற்குமுன் றகரம் இரட்டித்து ஞாயிற்று, ஆற்று என்றாகும். ஆகவே நாயற்று, நாயாற்று என்பவற்றுக்கு இடையே உள்ளது ஒரு நெடில் மட்டுமே. பேச்சில் இன்னும் நெருக்கம்: கிழமை 'ஞாயித்துக்கிழமை' ஆகிறது, பாலம் 'நாயாத்துப் பாலம்' ஆகிறது. தமிழ்நாட்டில் செங்குன்றத்தை அடுத்து ஞாயிறு என்ற ஊரே உண்டு. பழைய புழற்கோட்டத்தின் ஞாயிறு நாடு அதன் பெயரால் அமைந்தது. சுந்தரர் மணந்த சங்கிலியார் பிறந்த ஊரும் அதுவே. இத்தனை சான்று கிடைத்தபின் 'கதிரவன் நீர்' என்று முடித்துவிடும் ஆசை எழுவது இயல்பு.

ஆனால் அவ்வூர் இன்றும் ஞாயிறாகவே இருக்கிறது. யாகாரம் அங்கே நுழையவில்லை. மேலும், ஒரு நீர்நிலைக்குப் பெயர் இடுவது அதை அயலிலுள்ளவற்றிலிருந்து பிரித்தறியவே. நந்திக்கடல் முதல் கொக்கிளாய் வரை எல்லா முகத்துவாரங்களும் கிழக்குக் கடலையே நோக்க, ஒன்றுக்கு மட்டும் விடியலின் பெயரைச் சூட்டக் காரணம் இல்லை. கூச்சம் தேடிய விடை அங்கே முட்டி நின்றது. சிங்களத்தில் 'நாய' மண்சரிவைக் குறிக்கும். மலையே இல்லாத இக்கரையில் அது பேச்சுக்கும் உதவாது.

எனவே நாயிடமே திரும்ப வேண்டியதாயிற்று. நாய்க்கடுகு, நாய்த்துளசி என்பவற்றில் 'நாய்' விலங்கன்று. பயன்பாட்டில் உள்ள ஒன்றைப் போலிருந்தும் அதற்கு ஈடாகாதது என்னும் அடைமொழி. ஆறு என்ற பெயரோடு கிடந்தும் உவர்ப்பால் வயலுக்குப் பாயாத நீரை உழவர் அப்படி அழைத்திருக்கக்கூடும். ஆயினும் இதைவிட வலுவானது நீர்நாய். இலங்கையின் ஆறுகளிலும் குளங்களிலும் வாழும் இவ்விலங்கைச் சிங்களவரும் 'தியபல்லா', அதாவது நீர்நாய், என்றே அழைக்கின்றனர். புதுச்சேரி மாதிரியைக் கொண்டு 1823இல் பிரெஞ்சு விலங்கியலாளர் பிரெடரிக் குவியே இட்ட அறிவியல் பெயரான 'நாயிர்' என்பதிலும் அத்தமிழ்ச்சொல்லின் எதிரொலி கேட்கிறது. நீர்நாய் ஆறு என்பதில், ஆறு என்ற சொல்லே பின்னால் நிற்கையில் முன்னால் நீர் எதற்கு?

கொக்குத்தொடுவாயிலோ செம்மலையிலோ கண்டல் வேர்களுக்கிடையே நீர்நாயைக் கண்ட முதியவர் எவரேனும் இருப்பின், அவர் அதை நீர்நாய் என்றாரா, வெறும் நாய் என்றாரா என்பதைக் கேட்டு எழுதிவைப்பது அவ்வூர் இளையோரின் கடன்.