உபவாசமும் ஒரு மாத்திரையும்



2019ஆம் ஆண்டு மாரடைப்பு வந்து, இருதய இரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைக்கப்பட்டவன் நான். தேவ கிருபையால் இன்று வரை தாராவியில் சுகமாயிருக்கிறேன். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் மாத்திரம் என்னால் விடக்கூடாததாயிருந்தது.

சென்ற ஆண்டு உடன் வேலை செய்யும் ஒருவர், "தினமும் எட்டு மணி நேரத்துக்குள் சாப்பாட்டை முடித்துக்கொண்டால் உடம்பின் அழற்சி தணியும், இருதயத்துக்கு நல்லது" என்றார். நம் உபவாசத்தை விஞ்ஞானமே ஒப்புக்கொள்கிறதே என்று எனக்குள் ஒரு பெருமை. காலை இட்லியை விட்டேன். பகல் ஒரு மணிக்கு முதல் உணவு. லோக்கல் ரயிலில் வீடு திரும்பி இரவு ஒன்பதுக்குள் கடைசி உணவு. மாத்திரைகளை வழக்கம்போல் காலையிலேயே விழுங்கினேன். அவற்றுள் சர்க்கரை வியாதிக்கான கிளிமிபிரைடும் ஒன்று.

ஒரு வெள்ளிக்கிழமை, கைகளை உயர்த்தி ஜெபித்து நின்றபோது உடல் வியர்த்து, நடுங்கிக் கீழே விழுந்தேன். சுற்றிலும் நின்றவர்கள் ஆவியானவரின் அசைவாடுதல் என்றெண்ணி ஸ்தோத்திரம் செய்தார்கள். என் மனைவி மாத்திரம் சர்க்கரை கரைத்த தண்ணீரோடு ஓடி வந்தாள். நினைவு தப்பாததால் குடிக்க முடிந்தது.

அந்த மாத்திரை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்வது. வயிறு காலியாயிருந்தாலும் அது தன் வேலையைச் செய்யும் என்று மருத்துவர் விளக்கினார். அழற்சியைப்பற்றி நான் கேட்டது பொய்யல்ல. இரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்பு படிந்த இடத்தில் அழற்சி உண்டு. கொழுப்பைக் குறைக்காமல் அழற்சியை மட்டும் தணிக்கும் மருந்தை, மாரடைப்பு கண்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் ஆராய்ந்தபோது மறுபடி மாரடைப்பு வருவது குறைந்ததாக 2017இல் கேன்டோஸ் ஆய்வு காட்டியது. ஆனால் சாப்பாட்டு நேரத்தைச் சுருக்குவது அந்த மருந்துக்கு ஈடு என்று எந்த ஆய்வும் நிரூபிக்கவில்லை. மாறாக, 2024 மார்ச்சில் அமெரிக்க இருதயச் சங்கத்தின் மாநாட்டில், சுமார் 20,000 பேரைப்பற்றிய ஓர் ஆய்வு வாசிக்கப்பட்டது. எட்டு மணி நேரத்துக்குள் உண்டு முடிப்பதாகச் சொன்னவர்களிடையே இருதய நோயால் மரணம் அதிகமாயிருந்ததாம். இரண்டே நாள் உணவுக் கணக்கை வைத்துச் சொன்னது. காரணம் அதுவே என்று தீர்ப்பதற்கில்லை. ஆயினும் எனக்கு அது நல்ல குட்டு.

போதகரிடம் வெட்கத்தோடு சொன்னேன். தீமோத்தேயுவின் பலவீனமான வயிற்றுக்குப் பவுல் ஆலோசனை எழுதியதை அவர் நினைப்பூட்டிச் சிரித்தார். இப்பொழுது வெள்ளிக்கிழமை காலையில் கஞ்சி குடித்து, மாத்திரை போட்டுக்கொண்டே ஜெபத்துக்குப் போகிறேன். பாத்திரத்தைக் கழுவும்போது இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அடுத்த வாரமே சபையின் மூத்த தாய்மார் மூவர் என் மனைவியைத் தனியே அழைத்து, தாங்களும் சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டு மாலைவரை பட்டினியாய் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார்களாம்.